மனைவி இடம் காலி

எங்கள் ஊர்த் தீயணைப்புத் துறையில் ஒரு தலைமை அதிகாரியை நியமித்தால் இரண்டு பேர் கிடைப்பார்கள். ஒருவர் அதிகாரி, இன்னொருவர் அவருடைய மனைவி. அதிகாரி தீயை அணைப்பார். மனைவி, ‘அதிகாரிகளின் மனைவியர் நலச் சங்க’த்துக்குத் தலைவியாகிப் பூ அலங்காரப் போட்டியில் பரிசு கொடுப்பார், புது வண்டிக்கு ரிப்பன் வெட்டுவார், துறையை நடத்துகிற வாரியத்தின் தலைவருடைய பிறந்தநாளுக்குக் கேக்கை ஊட்டிவிடாத குறையாக நீட்டுவார். தேர்தல் எல்லாம் கிடையாது. கணவர் ஏறுகிற படியில் மனைவியும் கூடவே ஏறிவிடுவார். துணை அதிகாரியின் மனைவி துணைத் தலைவி. நிலைய அதிகாரியின் மனைவி செயற்குழு உறுப்பினர். வண்டி ஓட்டுநரின் மனைவி நாற்காலி எடுத்துப் போடுவார். பல தலைமுறையாகப் பழுதில்லாமல் ஓடுகிற ஏற்பாடு இது. தீயணைப்பு வண்டிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இந்த ஏற்பாட்டில்தான் ஒரு பெண் வந்து தலைமை அதிகாரி ஆனார். ஆக்கினார்கள் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு முன்னால் இருந்த ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார், இன்னொருவருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது, எண்ணெய்க் கிடங்கு எரிந்த அன்று உள்ளே போய் நான்கு பேரைத் தூக்கிக்கொண்டு வந்த அந்த அம்மாவை விட்டால் வாரியத்துக்கு ஆளே இல்லை. இருந்தாலும் பொசுக்கென்று முழுப் பதவியைக் கொடுத்துவிட முடியுமா? ‘பொறுப்பு’ தலைமை அதிகாரி என்று போட்டார்கள். பொறுப்பு அதிகாரி தீக்குள் போகலாம், புகை குடிக்கலாம், திட்டு வாங்கலாம். எந்தக் கட்டடத்தையும் மூடச்சொல்லி ஆணையில் கையெழுத்து மட்டும் போட முடியாது.

அந்தக் கையெழுத்துதான் அவருக்கு வேண்டியிருந்தது. பின் தெருவில் ஒரு துணி தைக்கிற தொழிற்சாலை. நான்கு மாடி, ஒரே ஒரு படிக்கட்டு. பின்பக்கம் ஒரு இரும்புக் கதவு உண்டு, ஆனால் அதில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார் முதலாளி. தைக்கிற பெண்கள் துணியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். ஆய்வுக்குப் போன நம் அதிகாரி, பூட்டைத் திறக்கச் சொன்னார். சாவி மேனேஜரிடம் இருக்கிறது, மேனேஜர் வெளியூர் போயிருக்கிறார் என்றார் முதலாளி. மறுமுறை போனபோது மேனேஜர் இருந்தார், சாவி வெளியூர் போயிருந்தது. கட்டடத்துக்குச் சீல் வைத்தால்தான் இந்த ஆள் வழிக்கு வருவார். சீல் வைக்க முழுப் பதவி வேண்டும். இந்த அம்மாவுக்குப் பதவி ஆசை என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். ஆமாம், ஆசைதான். மேலே தைத்துக்கொண்டிருக்கிறவர்கள் உயிரோடு இறங்கி வர வேண்டும் என்று ஆசை.

முழுப் பதவிக்கான வேலை தொடங்கியதும் முதல் கடிதம் அவருக்கு வரவில்லை, அவருடைய கணவருக்கு வந்தது.

கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அதிர்ந்து பேசாத மனிதர். ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதித்து, ‘கடைசி வரியைப் படிங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தபோது துறையின் ஆள் வந்து உறையைக் கொடுத்தான். பிரித்துப் படித்தார். ‘தலைமை அதிகாரியின் வாழ்க்கைத் துணை என்ற முறையில், தாங்கள் அதிகாரிகளின் மனைவியர் நலச் சங்கத்தின் தலைவியாக நியமிக்கப்பட்டுள்ளீர்கள். தலைவி தோளில் அணியும் ரோஜா நிறப் பட்டை இணைக்கப்பட்டுள்ளது.’ பட்டையும் இருந்தது. ஓரத்தில் பூ வேலைப்பாடு.

அவர் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். எழுத்து மாறவில்லை.

சாயங்காலம் மனைவியிடம் காட்டினார். “இது என்னம்மா இது? நான் உனக்கு மனைவியாம்.”

அந்த அம்மா பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். அவ்வளவு நாளில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான். “குமாஸ்தா பழைய கடிதத்தையே பேரை மாத்தி அனுப்பியிருப்பார். விடுங்க.”

“வர்ற கூட்டத்துக்குத் தலைமை தாங்கணும்னு போட்டிருக்கே.”

“போய்ட்டு வந்துடுங்களேன். சும்மா உக்காந்துட்டு வாங்க. எனக்கு அந்த ஆணை வந்தாப் போதும்.”

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி அவர் போனார். பட்டையையும் போட்டுக்கொண்டு போனார், பாவம். மண்டபத்தில் பெண்கள் எழுந்து நின்றார்கள். துணை அதிகாரியின் மனைவி அவரை நடு நாற்காலியில் உட்காரவைத்து, பூத்தையல் போட்டிக்கு நடுவராகவும் ஆக்கினார். நம் ஆள் கடமை தவறாதவர். சட்டைப் பையிலிருந்து பூதக் கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு தையலாகப் பார்த்துவிட்டு, “எல்லாமே நல்லா இருக்குங்க. மூணாவது துணி தைச்சவங்க மட்டும் ஒரு தடவை கடைக்கு வாங்க, கிட்டத்துல பார்வை கொஞ்சம் குறைஞ்சிருக்கு” என்றார். மூன்றாவது துணி துணை அதிகாரியின் மனைவி தைத்தது.

விஷயம் அன்றே வாரியத்துக்குப் போய்விட்டது. கண் பார்வையைச் சொன்னதைப் பற்றி யாரும் பேசவில்லை. மனைவியர் சங்கத்துக்கு ஓர் ஆண் தலைமை தாங்கினான் என்பதுதான் குற்றம். இத்தனை காலமும் ஆண்கள் நாட்டில் இருக்கிற அத்தனை சங்கத்துக்கும் தலைமை தாங்கியபோது வராத மான உணர்ச்சி, பூத்தையல் சங்கத்துக்கு வந்துவிட்டது. கணவனையும் மனைவியையும் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

வாரியத் தலைவர் பேசினால் நாற்காலிகூடக் கொட்டாவி விடும். அன்று பேசினார்.

“நாங்க பெண்களைத் தெய்வமா மதிக்கிறவங்க. தெய்வத்தை யாராவது வேலைக்கு அனுப்புவாங்களா? இருந்தாலும் அனுப்பினோம். உங்களுக்கு முன்னாடி இந்தப் பதவியில இருந்தவங்க எல்லாரும் சாதிச்சாங்கன்னா, வீட்டுல ஒருத்தி இருந்தா. சட்டைக்கு இஸ்திரி போட்டா. விருந்தாளியைக் கவனிச்சா. அவர் கோவமா வந்தா வாயைத் திறக்காம இருந்தா. அதெல்லாம் இந்தப் பதவிக்கு ஆதாரம். பதவிங்கறது ரெண்டு சக்கர வண்டி. இங்க பார்த்தா ஒரு சக்கரம் இருக்கு, இன்னொரு பக்கம் ஒரு கண்ணாடிக்கடை இருக்கு.”

“இஸ்திரி நான் போடுவேங்க” என்றார் கணவர்.

தலைவர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். “அதை வெளிய சொல்லாதீங்க தம்பி.”

கூட்டத்தின் முடிவில் துணை அதிகாரி தீர்மானத்தைப் படித்தார். தலைமை அதிகாரி என்பது அதிகாரி ஒன்று, மனைவி ஒன்று ஆக இரண்டு இடங்கள் சேர்ந்த பதவி. அதிகாரி இடம் நிரம்பியிருக்கிறது. மனைவி இடம் காலி. பாதி காலியாக இருக்கிற பதவியை நிரந்தரமாக்க விதியில் இடமில்லை. ஆகவே, மனைவி கிடைக்கும் வரை இந்த அம்மா பொறுப்பிலேயே நீடிப்பார்.

“அந்தப் பின் கதவு...” என்று அந்த அம்மா ஆரம்பித்தார்.

“முதல்ல மனைவி வரட்டும்மா. கதவு எங்க போயிடப் போகுது?” என்றார் தலைவர்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சிரிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவி தேடும் குழு என்று ஒன்று போட்டார்கள். அதில் ஐந்து ஆண்கள். முன்பு மனைவி இறந்துபோன ஒரு தலைமை அதிகாரிக்கு அவருடைய அண்ணி சங்கத் தலைவியாக இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. உடனே கண்ணாடிக்கடைக்காரரின் அண்ணியைத் தேடினார்கள். அவருக்கு அண்ணனே இல்லை. அக்கா உண்டு என்றார். அக்கா சரிப்படாது, அவர் ஏற்கெனவே ஒரு பல் மருத்துவரின் மனைவி என்று குழு நிராகரித்தது.

கடைசியில் துணை அதிகாரியின் மனைவியையே தற்காலிகமாகத் தலைமை அதிகாரியின் மனைவி இடத்துக்கு மாற்றலாம் என்று குழு சிபாரிசு செய்தது. துணை அதிகாரி துள்ளிக் குதித்தார்.

“அது எப்படி சார்? என் மனைவி எப்படி சார் இன்னொருத்தருக்கு மனைவியாக முடியும்?”

“பேப்பர்லதானய்யா. சம்பளம், படி எதுவும் மாறாது” என்றார் தலைவர்.

“அப்போ நான் யாருங்க?” என்று கேட்டார் கண்ணாடிக்கடைக்காரர்.

“நீங்க இதுல வரவே இல்ல, உக்காருங்க.”

துணை அதிகாரியின் மனைவி மட்டும் தயாராக இருந்தார். “கல்யாணம் ஆன நாள்லேருந்து இவருக்குப் பின்னாடியே நின்னுக்கிட்டிருக்கேன். இவரால மேல வர முடியல, அதனால நானும் வரல. எனக்குன்னு ஒரு தடவையாவது ஒரு உயர்வு வேண்டாமா?” என்றார். நன்றாகப் பாடக்கூடிய அம்மா அவர் என்று சொல்வார்கள். இந்தத் துறையில் அவர் பாடி யாரும் கேட்டதில்லை. துணை அதிகாரி அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை என்றும், மனைவி மீதான தம் உரிமையை விட்டுத்தர முடியாது என்று மறுநாள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார் என்றும் தெரிகிறது. அந்தச் சிபாரிசு அத்தோடு போயிற்று.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கொண்டாட்டம் தொழிற்சாலை முதலாளிக்கு. பழைய சங்கிலியை எடுத்துவிட்டு இன்னும் கனமாக ஒன்று போட்டார்.

ஒரு மத்தியானம் மூன்றாவது மாடியில் இஸ்திரி மேஜை பற்றிக்கொண்டது. பெரிய தீ இல்லை. நம் அதிகாரி ஆட்களோடு போய்ச் சேர்ந்ததும் அணைந்துவிட்டது. ஆனால் படிக்கட்டு முழுக்கப் புகை, முன்வாசலில் நெரிசல். பெண்கள் பின் கதவுக்கு ஓடி அதைக் கை வலிக்கத் தட்டியிருக்கிறார்கள். கதவு எங்கேயும் போகவில்லை, தலைவர் சொன்ன மாதிரி அங்கேயேதான் இருந்தது. காலர் தைக்கிற ஒரு பெண், பயத்தில் மேலே ஓடி ஜன்னல் வழியாகக் குதித்துவிட்டாள். இடுப்பு எலும்பு நொறுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அதிகாரி அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கணவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். மருந்து மயக்கத்தில் அவள் கேட்டாள்.

“அந்தக் கதவைத் திறந்துட்டாங்களா மேடம்? என் தங்கச்சியும் அங்கதான் வேலை பாக்குறா. நாளைக்கு ஷிப்டு இருக்கு.”

தீயைப் பார்த்துக் கண் கலங்காத அந்த அம்மா அன்று அழுதார், ஆத்திரத்தில் அழுதார். அதே நேரத்தில் வாரியத் தலைவர் பத்திரிகைக்காரர்களிடம், “தீ சின்னது. ஒரு பொண்ணு அவசரப்பட்டுட்டா. பெண்களுக்கு நிதானம் முக்கியம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாக்கில் நரம்பில்லை என்றால் எதை வேண்டுமானாலும் பேசலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அந்த அம்மா நேராக வாரியத்துக்குப் போனார். புகை வாசம்கூடப் போகவில்லை. தலைவர் முன்னால் நின்று சொன்னார்: “மனைவி இடம்தானே காலி? நானே இருந்துக்கறேன். எனக்கு நானே மனைவி. ஆணையைக் கொடுங்க.”

குத்தலாகச் சொன்னார். அவர்களுக்கா குத்தும்? தலைவர் முகம் பூவாக மலர்ந்துவிட்டது. “பாத்தீங்களா, இதைத்தான் நாங்க எதிர்பார்த்தோம். பொறுப்பான பொண்ணு எதுக்கும் ஒரு தீர்வு சொல்லிடுவா.” கூடுதல் பொறுப்பாக மனைவி இடம் அவருக்கே வழங்கப்பட்டது. குழப்பம் வரக்கூடாது என்று துணை அதிகாரி உட்கார்ந்து விதி எழுதினார். தலையில் தொப்பி இருக்கும்போது அவர் தலைமை அதிகாரி. தொப்பி இல்லாதபோது தலைமை அதிகாரியின் மனைவி. ஒரே நேரத்தில் இரண்டும் இல்லை.

பதவியேற்பு விழா நடந்தது. மேடையில் இரண்டு நாற்காலிகள். அந்த அம்மா தொப்பியோடு பெரிய நாற்காலியின் முன் நின்று உறுதிமொழி எடுத்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்துவிட்டு, ரோஜா நிறப் பட்டையைப் போட்டுக்கொண்டு சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி, தலைமை அதிகாரியைப் பார்த்துக் கைதட்ட வேண்டிய இடம் வந்தது. பெரிய நாற்காலி காலியாக இருந்தது. காலி நாற்காலியைப் பார்த்துக் கைதட்டினார். மண்டபமே தட்டியது. கணவர் எங்கே நிற்பது என்று யாரும் யோசிக்காததால், தொப்பியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மைக்குக்குப் பக்கத்தில் நின்றார்.

தலைவர் உணர்ச்சிவசப்பட்டார். “வெற்றி பெற்ற ஒவ்வொரு ஆணுக்குப் பின்னாடியும் ஒரு பெண் இருக்கான்னு சொல்வாங்க. இன்னைக்கு நாம சரித்திரம் படைச்சிருக்கோம். வெற்றி பெற்ற ஒரு பெண்ணுக்குப் பின்னாடியும் ஒரு பெண்ணே இருக்கா. அவளேதான் இருக்கா. எந்த ஆணுக்கும் எந்தச் சிரமமும் இல்லாம இதை நடத்திக் காட்டினோம்.”

இதைவிட உண்மையாக ஒரு மனிதன் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் அதிகாரி கைப்பையிலிருந்து தொழிற்சாலைக்குச் சீல் வைக்கும் ஆணையை எடுத்து, மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டுத் துணை அதிகாரியிடம் நீட்டினார். இன்னொரு நிமிடம் காத்திருக்க அவருக்கு மனம் இல்லை. துணை அதிகாரி ஆணையைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கடைக்காரர் கையில் இருந்த தொப்பியைப் பார்த்தார்.

“மேடம், இது செல்லாது. இதை மனைவி போட்டிருக்காங்க.”

“சரி, தொப்பியைப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவை போடறேன்.”

“முடியாது மேடம். செல்லாத கையெழுத்து விழுந்த ஆணையை வாரியம் கூடி ரத்து பண்ணணும். அப்புறம்தான் புதுசு. வாரியம் விடுமுறைக்கு அப்புறம்தான் கூடும்.”

“அதுவரைக்கும் அந்தப் பொண்ணுங்க?”

துணை அதிகாரி கெட்டவர் இல்லை, விதி தெரிந்தவர், அவ்வளவுதான். சில சமயம் அது இன்னும் மோசம். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“ஆணை இல்லாம நான் போய்ப் பூட்டை உடைச்சா என்ன ஆகும்?”

“அதிகாரி உடைச்சாப் பதவி போயிடும் மேடம்.”

“மனைவி உடைச்சா?”

அவர் யோசித்தார். விதி முழுவதையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். “மனைவிக்கு... விதி எதுவும் எழுதலையே மேடம்.”

அந்த அம்மா எழுந்தார். மேடையிலிருந்து இறங்கும்போது கணவரிடம் சொன்னார்: “என் கூட வாங்க. அந்தத் தொப்பியை மட்டும் என்கிட்ட குடுத்துடாதீங்க.”

இத்தனை நாளும் ஒன்றும் விளங்காமல் இருந்த மனிதருக்கு அந்த ஒரு வேலை நன்றாக விளங்கிவிட்டது.

வாசலில் நின்ற வண்டியிலிருந்து இரும்பு வெட்டுகிற கட்டரை எடுத்துக்கொண்டு அந்த அம்மா பின் தெருவுக்கு நடந்தார், தோளில் ரோஜா நிறப் பட்டையோடு. பின்னால் தொப்பியோடு கணவர், அவருக்குப் பின்னால் துணை அதிகாரி. என்ன நடக்கப்போகிறது என்று துணை அதிகாரிக்கு இப்போது புரிந்துவிட்டது. அதிகாரி உடைத்தால் பிடித்துக்கொள்ளலாம், மனைவி உடைத்தால் யாரைப் பிடிப்பது? “மேடம், தொப்பியைப் போட்டுக்குங்க, வெயில் மேடம்” என்று கெஞ்சிக்கொண்டே ஓடிவந்தார். தொப்பியைப் பிடுங்கி எப்படியாவது அந்த அம்மா தலையில் வைத்துவிடப் பார்த்தார். கண்ணாடிக்கடைக்காரர் உயரமானவர். தொப்பியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். துணை அதிகாரி எகிறி எகிறிக் குதித்தார். தெருவே வேடிக்கை பார்த்தது.

“சார், கொடுத்துடுங்க சார், என் வேலை போயிடும்.”

“என் மனைவி கொடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கா தம்பி” என்றார் அவர். இப்படிச் சொல்ல எத்தனை ஆண்களுக்கு வாய் வரும் என்று எனக்குத் தெரியாது.

சங்கிலி கனமாக இருந்தது. முதலாளி கத்திக்கொண்டு ஓடிவந்தார். “யாரும்மா நீ? யாரைக் கேட்டு என் பூட்டுல கை வைக்கிற?”

“தலைமை அதிகாரியோட மனைவி” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கட்டரை அழுத்தினார். வெட்டுப்பட்ட சங்கிலி கீழே விழுந்தது. துருப்பிடித்த கதவைக் கணவரும் தோள்கொடுத்துத் தள்ளினார், தொப்பியை மட்டும் கீழே இறக்காமல். உள்ளே இருட்டில் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்து வாசலில் நின்று பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிறவளின் தங்கை ஒரு காலை வெளியே வைத்தாள், பிறகு உள்ளே எடுத்தாள், மறுபடி வெளியே வைத்தாள். கதவின் கீல்களையும் கழற்றி எடுத்த பிறகுதான் அந்த அம்மா அங்கிருந்து கிளம்பினார்.

அடுத்த வாரம் வாரியத்திலிருந்து அவருக்கு விளக்கம் கேட்டு வந்தது. தலைமை அதிகாரிக்கு என்று விலாசமிட்டிருந்தது. ‘தங்கள் மனைவி தனியார் சொத்துக்குச் சேதம் விளைவித்துத் துறையின் கௌரவத்தைக் குலைத்துள்ளார். குடும்பத்தைக் கட்டுக்குள் வைத்துக்கொள்வது ஒவ்வோர் அதிகாரியின் கடமை. மனைவியைக் கண்டிக்கத் தவறியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று பதில் தரவும்.’

அந்த அம்மா தொப்பியை எடுத்து ஒழுங்காகத் தலையில் வைத்துக்கொண்டு பதில் எழுதினார்.

‘என் மனைவியை விசாரித்தேன். பூட்டை உடைத்தது உண்மைதான் என்றார். செய்வதற்கு முன்னால் என்னை ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். கேட்டுக்கொண்டு நின்றதில்தான் ஒரு பெண்ணின் இடுப்பு முறிந்தது என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வாரியத்திடம் இருந்தால் எழுதி அனுப்பவும். அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.’